பச்சை விளக்கு எரிந்த வெள்ளிக்கிழமைகள்

இரண்டாயிரத்து நாற்பத்தொன்றாம் ஆண்டு, அக்டோபர்த் திங்கள் ஐந்தாம் நாள், சனிக்கிழமை. புரட்டாசி பத்தொன்பது, விஜயதசமி. கோவை மாநகரின் வானம் விடியலிலிருந்தே மூடிக்கிடந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்த காற்று ஈரம் சுமந்து வீசிற்று. பிற்பகலில் இடியுடன் மழை பெய்யக்கூடும் என்று வானிலை அறிவிப்புக் கூறியது.

காலை ஏழரை மணிக்கு, சிங்காநல்லூரில் உள்ள தன் வீட்டின் முன்னறையில், சுகந்தி கணினியின் பொத்தானை அழுத்தினாள். முந்திய நாள் இட்ட சந்தனமும் குங்குமமும் அக்கரும்பெட்டியின் நெற்றியில் காய்ந்து வெடித்திருந்தன. உள்ளே ஏதோ ஒன்று எழ முயன்று, எழ மாட்டாமல், ‘டிக்’ என்று ஒலித்து அடங்கிற்று. அவள் மறுபடியும் அழுத்தினாள். மறுபடியும் அதே ஒலிதான்.

பின்னால் நாற்காலியில் அமர்ந்து பூசைப் பொரியைக் கொறித்துக்கொண்டிருந்த அவள் கணவர் மயில்சாமி சொன்னார்: “பண்டிக லீவு முடிஞ்சுதுன்னு அதுக்குத் தகவல் சொன்னியா? எங்க பட்டறையிலயும் விஜயதசமியன்னிக்கு ஒருத்தனும் நேரத்துக்கு வரமாட்டான்.”

சுகந்தி சிரித்தாள். ஏழாம் முறை அழுத்தியபோதும் அச்சிரிப்பில் மிச்சம் இருந்தது. இருபதாம் முறை அழுத்தியபோது அவளுடைய விரல் நுனி வெளுத்திருந்தது.

அந்தப் பெட்டி எழுந்தே தீர வேண்டும். ஏன் என்பதை இங்கே கூறிவிடுதல் நன்று.

மயில்சாமி ஒரு பம்புப் பட்டறையில் போர்மேனாக இருந்தவர். ஒன்பது ஆண்டுகளுக்கு முன், ஒரு மாசி மாதத்தில், அவரை மூளைக் காய்ச்சல் தாக்கிற்று. உயிர் பிழைத்தார், ஆனால் புதியனவற்றை மனத்தில் பதித்துக்கொள்ளும் ஆற்றலை அக்காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. காலையில் உண்டதை நண்பகலில் அறியமாட்டார். இத்தகையோருக்கென்று ஒரு நிறுவனம் ஒரு கருவியைச் செய்து விற்றது. காதின் பின்புறம், தோலுக்கடியில் பதிக்கப்படும் சிறு வில்லை அது. வாங்கியவர்கள் அதனைக் காதுப்பொட்டு என்று அழைத்தனர். நாள் முழுதும் நிகழ்வதை அது சேர்த்து, உறக்கத்தின்போது ஒரு சேமிப்பகத்துக்கு அனுப்பும். விழித்திருக்கும்போது வேண்டியதை அங்கிருந்து எடுத்து அவருக்கு வழங்கும். முதலில் அச்சேமிப்பகம் நிறுவனத்திடமே இருந்தது. மூன்றே ஆண்டுகளில் நிறுவனம் மூடப்பட்டது. ‘இனி உங்கள் நினைவுகளை உங்கள் வீட்டுக் கணினியிலேயே வைத்துக்கொள்க. வாரம் ஒருமுறை வெளி வன்தட்டில் நகல் எடுத்து வைக்கத் தவறாதீர்’ என்று ஒரு கடிதம் மட்டும் வந்தது.

அன்று முதல், காய்ச்சலுக்குப் பிந்திய மயில்சாமி முழுவதும் முன்னறையில் இருந்த அந்தக் கரும்பெட்டிக்குள் வாழ்ந்தார். பெட்டி நின்றால் காதுப்பொட்டு முப்பது மணி நேரம் தாங்கும். அதற்குமேல் தாங்காது.

ஆறு ஆண்டுகளாக ஒரு கணமும் நிறுத்தப்படாத அப்பெட்டியை, நேற்று நண்பகல் பன்னிரண்டு மணிக்கு நிறுத்தியவர் மயில்சாமியேதான்.

“ஓடற மெஷினுக்குப் பொட்டு வெச்சா அது பூசையாகுமா, சுகந்தி? லேத்தா இருந்தாலும் நிறுத்தித் தொடச்சு, எண்ண போட்டு, ஒரு நாள் சும்மா விடோணும். வருசம் பூரா நம்மளச் சொமக்குது. ஒருநாளாச்சும் மூச்சு விடட்டும்.”

“உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுங்களா?”

“முப்பது மணி நேரம் நிக்குமல்ல? நாளைக்குக் காலைல போட்டுரலாம். அப்பறம் உன்ற தட்டு எதுக்கு இருக்குது?”

உண்மைதான். சுகந்தியிடம் வெளி வன்தட்டு இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் விளக்கேற்றிய கையோடு அவள் அதனைக் கணினியில் இணைப்பாள். பச்சை விளக்கு மினுக்கி, நான்கே நிமிடத்தில் நிலைத்து நிற்கும். கழற்றி, மஞ்சள் துணியில் சுற்றி, பீரோவில் வைப்பாள். நேற்று வெள்ளிக்கிழமையாய் இருந்தும் இணைக்கவில்லை. ஏனெனில் வன்தட்டும் பூசையில் இருந்தது. அவளுடைய இரத்த அழுத்தமானி, மயில்சாமியின் பழைய அளவுகோல்கள், கொறடு ஆகியவற்றோடு அதற்கும் ஒரு பொட்டு இடப்பட்டது. பூசையில் வைத்த கருவியை அன்றைக்கே எடுத்துப் பயன்படுத்துவது அவ்வீட்டில் வழக்கமில்லை. ஒரு வாரந்தானே என்று அவள் எண்ணினாள்.

பத்து மணிக்கு இருதயராஜ் வந்தார். அறுபதைக் கடந்தவர், கழுத்தில் ஒன்றும் நெற்றியில் ஒன்றுமாக இரு கண்ணாடிகள் அணிந்தவர், இத்தகைய பழைய கணினிகளைத் தொடத் துணிபவர் அவ்வட்டாரத்தில் அவர் ஒருவரே.

“பொரி இருக்குதுங்களா, அம்மிணி? நான் வேதக்காரந்தான். ஆனா எங்கடையிலயும் நேத்து பூசணிக்காய் ஒடச்சோம். இல்லாட்டி பக்கத்துக் கடக்காரன் திருஷ்டியெல்லாம் எம்பக்கம் தள்ளிவிட்டுருவான்” என்று சொல்லிக்கொண்டே அமர்ந்தார். “விஜயதசமிக்கு மொத வேல உங்க வூடுதானுங். நல்லதா அமையட்டும்.”

பெட்டியைத் திறந்தார். உள்ளிருந்த வன்தட்டைக் காதோடு வைத்து ஆட்டிப் பார்த்தார். பொரியை மெல்வதை நிறுத்தினார்.

“எத்தன தடவ சுவிட்ச் போட்டீங்க?”

“ஒரு... இருவது தடவ இருக்குங்ணா.”

அவர் தட்டை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சிறு திருப்புளியால் மூடியைக் கழற்றி, உள்ளிருந்த வட்டத் தகட்டை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். கண்ணாடிபோல் இருந்த அதன் முகத்தில் சாம்பல்நிற வளையம் ஒன்று ஓடிற்று.

“இது சுத்தற ஜாதிங், அம்மிணி. ஆறு வருசம் நிக்காமச் சுத்துனா, சுத்திக்கிட்டேதான் இருக்கோணும். நிறுத்துனா சூடு ஆறி, படிக்கற முள்ளு தகட்டோட ஒட்டிக்கும். ஒட்டுனதோட விட்டிருந்தீங்கன்னா நைசா எடுத்திருக்கலாம். நீங்க போடப்போட மோட்டார் இழுத்திருக்குது. கல்லுல ஒட்டுன தோசையப் பிச்சாப்பல பிஞ்சு வந்துருச்சு.”

“அப்படின்னா...”

“இது போச்சுங். ஆனா நீங்க ஏன் மொகத்த இப்படி வெச்சுக்கறீங்க? வாராவாரம் பேக்கப் எடுக்கறவங்க நீங்க. எங்கடைக்கு வர்றவனுக்கெல்லாம் உங்களத்தான் உதாரணம் சொல்றேன். கொண்டாங் அந்தத் தட்ட.”

சுகந்திக்கு உயிர் வந்தது. பூசைத் தட்டிலிருந்து வெளி வன்தட்டை எடுத்து, சந்தனத்தை முந்தானையால் துடைத்து நீட்டினாள். இருதயராஜ் அதனைத் தம்முடைய மடிக்கணினியில் இணைத்தார். பச்சை விளக்கு எரிந்தது. நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கிப் படித்தார். மேலே தள்ளினார். கீழே தள்ளினார்.

“கோகிலவாணின்னா ஆருங்?”

“அவுங்க... இவரோட மூத்த சம்சாரம். தவறிட்டாங்க. முப்பத்தெட்டாம் வருசத்துல.”

“அதுக்கப்பறம்?”

“அதுக்கப்பறம் நாந்தானுங்களே.”

“இல்லீங், அம்மிணி.” அவர் குரல் தாழ்ந்தது. “தட்டுல கேக்கறேன். அதுக்கப்பறம் தட்டுல ஒண்ணுமே இல்லீங்.”

நேர்ந்தது இன்னதென்று விளங்கச் சுகந்திக்கு அரை மணி நேரம் ஆயிற்று.

முதல் ஆறு ஆண்டுகள் மயில்சாமியின் நினைவுகளைக் காத்தவள் கோகிலவாணி. கணினிக்குள் அவள் பெயரில் ஒரு கணக்கு இருந்தது. அவருடைய நினைவுகள் நாளும் பொழுதும் அவள் பெயருக்குரிய இடத்திலேயே சேமிக்கப்பட்டன. வெள்ளிக்கிழமை நகலும் அவள் ஏற்படுத்தியதுதான். தன் இடத்தை நகல் எடுக்கும்படி அவள் கணினியைப் பணித்திருந்தாள். அன்று அது பிழையன்று. அப்போது வேறோர் இடம் இருக்கவில்லை. பின்னர் அவளுக்குப் புற்றுநோய் கண்டது. கடைசிப் பதினேழு நாள்கள் அவளைக் கவனிக்க வந்த செவிலி சுகந்தி. கட்டிலில் படுத்தபடியே கோகிலவாணி அவளுக்கு எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தாள். “பச்ச லைட்டு மினுக்காம நின்னா முடிஞ்சுதுன்னு அர்த்தம், சிஸ்டர். அத மட்டும் பாருங்க, போதும்.”

கோகிலவாணி மறைந்த அன்றே அவளுடைய தமக்கை வந்து, சுகந்தியைத் தனியே அழைத்துச் சொன்னாள்: “செத்தவ பேர்ல தெனமும் உள்ள போயிட்டு வந்தா அவ எப்படி அடங்குவா? நீ உம்பேர்லயே ஒண்ணு தொறந்துக்க, கண்ணு.” அவளுடைய பட்டுச் சேலைகள் இருந்த பீரோவைப் பூட்டியதுபோல அந்தக் கணக்கையும் பூட்டினார்கள். மயில்சாமியைக் கவனிக்க அங்கேயே வேலையில் தொடர்ந்த சுகந்தி, தன் பெயரில் புதிதாக ஒன்று திறந்தாள். அடுத்த தையில் மயில்சாமியை மணந்த பின்னரும் மூத்தாளின் இடத்தை அவள் ஒருநாளும் தொட்டதில்லை. தொடாதிருப்பதையே மரியாதை என்று கருதினாள். வெள்ளிதோறும் கோகிலவாணியின் படத்துக்குப் பூ வைத்துவிட்டுத்தான் வன்தட்டை எடுப்பாள்.

“அப்போ ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் நான் என்னத்தங்ணா நகல் எடுத்தேன்?”

“அவுங்களத்தானுங். திரும்பத் திரும்ப அவுங்களயேதான். இது மாறுனத மட்டும் எடுக்கும். தவறிப்போனவங்க இடத்துல என்னங் மாறப்போகுது? அதுனாலதான் நாலே நிமிசத்துல முடிஞ்சிருக்குது.”

கோகிலவாணி இருந்த காலத்தில் நகல் முடிய முக்கால் மணி நேரம் ஆகும் என்பது சுகந்தியின் நினைவுக்கு வந்தது. விரைவாக முடிவதைத் தன் கைராசி என்று அவள் ஒருமுறை மயில்சாமியிடம் பெருமைப்பட்டிருக்கிறாள். மூன்று ஆண்டுகள், இரண்டு மாதங்கள். நூற்று அறுபதுக்கும் மேற்பட்ட வெள்ளிக்கிழமைகள்.

வாயிற்படியில் நிழல் தட்டிற்று. மயில்சாமி நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை.

“இருதயம், நேராச் சொல்லு. இப்ப எனக்கு இவளத் தெரியுது. ஆடியில ஈஸ்வரங்கோயிலுக்குப் போனது தெரியுது. எல்லாம் இருக்குதே. இது எங்கிருந்து வருது?”

“பெட்டி நிக்கறதுக்கு முன்னால காதுப்பொட்டு எடுத்து வெச்சதுங். தொட்டி ஒடஞ்சுபோச்சு, கொழாய்ல நிக்கற தண்ணிய நீங்க குடிச்சிட்டு இருக்கறீங்க.”

“அந்தத் தண்ணிய திருப்பித் தொட்டிக்கு ஏத்த முடியாதுங்களா?” என்று சுகந்தி கேட்டாள்.

இருதயராஜ் வாய் திறக்குமுன் மயில்சாமியே விடை கூறினார். பம்பைப் பற்றிய கேள்விக்குப் பிறர் விடை சொல்ல அவர் என்றும் பொறுத்ததில்லை. “முடியாது, புள்ள. புட் வால்வு இருக்கும். ஒரு பக்கந்தான் போகும். அப்படித்தான?”

“அப்படித்தானுங். நேத்தும் இன்னைக்கும் மட்டும் தனியா நிக்காது. பின்னால இருக்கற மூணு வருசத்த அது புடிச்சுக்கோணும். அது இல்ல.”

“எப்ப வத்தும்?”

“நேத்து பன்னெண்டுன்னா... இன்னைக்குச் சாயந்தரம் ஆறுங்.”

மயில்சாமி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் பட்டறையில் இருபது ஆண்டுகள் மற்றவர்களுக்குக் கெடு வைத்தவர். தமக்கே வைக்கப்பட்ட கெடுவைப் பார்த்து, “பதினொண்ணரை” என்று மட்டும் சொன்னார்.

இருதயராஜிடம் ஒரு புதிய வன்தட்டு இருந்தது. செய்யக்கூடியவை இரண்டு என்று அவர் விளக்கினார். கோகிலவாணியின் நகலைப் புதிய தட்டில் ஏற்றலாம். ஏற்றினால் மயில்சாமிக்கு முதல் ஆறு ஆண்டுகள் திரும்பும். அவள் இறந்ததற்கு முந்திய நாள் மாலை வரை. அல்லது எதையும் ஏற்றாமல் வெறுந்தட்டாகவே தொடங்கலாம். அப்போது காய்ச்சல் வந்த நாளிலிருந்து இன்று வரை ஒன்பது ஆண்டுகளும் இல்லை. இனி வருவன மட்டும் சேரும்.

“ரெண்டுலயும் நான் இல்லீங்களா?” என்றாள் சுகந்தி.

“மொதல்ல சொன்னதுல இருக்கறீங். பதினேழு நாள் நர்ஸா.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் ஒண்ணு சொல்லட்டுங்களா? நகல் ஏற நாலு மணி நேரம் ஆகும். நான் ஏத்தி வெச்சுட்டுப் போறேன். கடைசியா ‘தொடர்க’ன்னு ஒரு பொத்தான் கேக்கும். அமுக்கறதும் அமுக்காததும் உங்க ரெண்டு பேர் விருப்பமுங். அத நான் செய்யமாட்டேன். எங்கையால வேண்டாம்.”

அவர் போன பிறகு வீடு அமைதியாயிற்று. தெருவில் யாரோ உடைத்த பூசணிக்காயை ஒரு மாடு தின்றுகொண்டிருந்தது. கணினித் திரையில் ஒரு நீலக் கோடு மெல்ல வளர்ந்தது.

சுகந்தி சமைத்தாள். இருவரும் உண்டனர். இரசத்தில் உப்பு இல்லை. கைகழுவி வந்ததும் மயில்சாமி சொன்னார்:

“அமுக்காத.”

“எதுக்குங்க?”

“வெறுந்தட்டாவே ஆரம்பிக்கறேன். கண்ணத் தொறந்ததும் மொதல்ல பாக்கற ஆளு நீயா இரு. மத்ததெல்லாம் பொறகு. திரும்பவும் பொண்ணு பாக்க வர்றேன். இந்தத் தடவ பஜ்ஜி நல்லாப் போடு.”

அவள் சிரிக்க முயன்றாள். அந்தச் சொல்லை அவள் எவ்வளவு விரும்பினாள் என்பது அவளுக்கே அச்சமூட்டிற்று. வெறுந்தட்டு. ஆறு ஆண்டுகள் உண்டென்பதே அவருக்குத் தெரியாது. இறந்தவள் எப்போது இறந்தாள், எவ்வாறு இறந்தாள் என்பதையெல்லாம் சுகந்தி தனக்கு ஏற்ற நேரத்தில், ஏற்ற அளவில், அளந்து சொல்லலாம். கேட்பதைத் தவிர அவருக்கு வேறு வழி இராது.

ஆனால் அந்தப் பதினேழு நாள்களை அவள் கண்டிருந்தாள். வலி மிகுந்த பொழுதுகளில் கோகிலவாணியின் பாதங்களைத் தம் மடியில் வைத்துக்கொண்டு மயில்சாமி அமர்ந்திருந்ததைக் கண்டிருந்தாள். “உங்களுக்கு இதெல்லாம் நாளைக்கு ஞாபகம் இருக்கும், இல்லீங்க?” என்று கோகிலவாணி கேட்பாள். “பெட்டி இருக்குதே” என்று அவர் சொல்வார். அதன் பிறகே அவள் கண்ணை மூடுவாள்.

“காய்ச்சலோட படுத்தது வரைக்குந்தான் உங்களுக்குத் தெரியும்னு வெச்சுக்கங்க” என்றாள் சுகந்தி. “கண்ணத் தொறந்ததும் கோகிலாக்காவத் தேடுவீங்க. நல்லா இருந்தாங்களே, எங்கன்னு கேப்பீங்க. செத்துட்டாங்கன்னு நான் சொல்லோணும். நான் அப்ப எங்க இருந்தேன்னு கேப்பீங்க. என்னன்னு சொல்லட்டும்? நீங்க கூடவே இருந்தீங்கன்னா? நம்புவீங்களா?”

மயில்சாமி சுவரிலிருந்த கோகிலவாணியின் படத்தைப் பார்த்தார்.

“கூட இருந்தது உங்களுக்கு வேணுங்க. பொண்டாட்டிய நட்டாத்துல விட்டவன்னு நீங்க உங்களயே நெனச்சுக்கிட்டு இருக்கறதப் பக்கத்துல உக்காந்து பாக்க என்னால ஆகாது.”

“அமுக்குனா அவ மறுபடியும் சாவா, சுகந்தி. நீதான் வந்து சொல்லோணும், மறுபடியும்.”

“சொல்றேன்.”

“போன தடவ சொன்னப்ப நாப்பது நாள் நான் உன்கூட ஒரு வார்த்த பேசல.”

“தெரியுமுங்க. எண்ணிக்கிட்டுத்தான இருந்தேன்.”

நாற்பத்தோராம் நாள் அவர் பேசியது அவளுக்கு நினைவிருந்தது. பேசியதற்கு எவ்வித ஏதுவும் இருக்கவில்லை. அன்று காப்பியில் சர்க்கரை கூடிப்போயிற்று, அவர் முகஞ்சுளித்துப் பார்த்தார், அவள் சிரித்துவிட்டாள். அவ்வளவுதான். அத்தகைய தற்செயல் மீண்டும் நிகழ வேண்டும் என்ற கட்டாயம் உலகில் எவருக்கும் இல்லை என்பதை அவள் அறிந்திருந்தாள். அப்போது அவளுக்கு நாற்பது, அவருக்கு ஐம்பது. யாரும் எதையும் எதிர்பாராத ஓர் இடைவெளியில் அது நேர்ந்தது. இன்று அவள் எதிர்பார்ப்பாள். எதிர்பார்ப்பது அவள் முகத்தில் தெரியும்.

நான்கு மணிக்கு நீலக் கோடு நிறைந்தது. முதல் இடி அப்போதுதான் இடித்தது. திரையில் ஒரு வினா தோன்றிற்று.

‘பராமரிப்பவர்: கோகிலவாணி. இந்தப் பெயரிலேயே தொடர்க?’

கீழே மற்றொரு வழியும் இருந்தது: ‘புதிய பெயர்.’ சுகந்தி அதை நெடுநேரம் பார்த்தாள். புதிய பெயரில் தொடங்கினால் மீண்டும் வேறோர் இடம். அதை நகலெடுக்க யாரேனும் கணினிக்கு அறிவுறுத்த வேண்டும். அந்த வேலையை முறையாகச் செய்துவைத்தவள் இவ்வீட்டில் ஒருத்திதான். அவள் பெயரில் போவதெல்லாம் வெள்ளிதோறும் தவறாமல் நகலாகும். மூன்று ஆண்டுகளுக்கு முன் யாரேனும் இதைச் சொல்லியிருந்தால்!

அவள் முன்னறையைச் சீர்செய்யத் தொடங்கினாள். சுவரிலிருந்த கோகிலவாணியின் படத்தைப் பூவோடு கழற்றி அரிசிப் பானையின் பின்னால் மறைத்தாள். ஆணியில் பழைய நாள்காட்டியைத் தொங்கவிட்டாள். திருமணப் படத்தை மடித்த சேலைகளுக்கு அடியில் வைத்தாள். கண்ணாடிமுன் நின்று தாலிக்கொடியை இரவிக்கைக்குள் செருகினாள். மெட்டியைக் கழற்ற முயன்றாள், அது வரவில்லை. காலுறை அணிந்துகொண்டாள். செவிலியர் காலுறை அணிவதில் வியப்பு இல்லை.

மயில்சாமி இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். “வேசம் கட்டறாப்பல இருக்குது” என்றார்.

“ஆமாங்க. தாலிய ஒளிச்சுட்டு மாப்பிளயப் பாக்கறவ நானாத்தான் இருப்பேன்.”

ஐந்தேகால் மணிக்கு அவர் ஒரு தேதியை மறந்தார். தை மாதத்தில் தாங்கள் மணந்த நாளைச் சொல்லிக்கொண்டிருந்தவர் இடையில் நின்று, உதடுகளை அசைத்தார். சுகந்தி அத்தேதியைச் சொன்னாள். அவர் தலையசைத்தார், ஆனால் அது பிறர் கூறிய செய்தியைக் கேட்டுக்கொண்ட தலையசைப்பாக இருந்தது.

“இப்பவே போட்டுரு” என்றார். “ஆறு மணி வரைக்கும் வேண்டாம். சொட்டுச் சொட்டா வத்தறத நீ உக்காந்து பாக்க வேண்டாம்.”

“இன்னும் கொஞ்ச நேரம் இருக்குதுங்க.”

“அப்ப ஏதாச்சும் பேசு. சேராட்டியும் பரவால்ல.”

சுகந்தி அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். லேத்தில் சிதைந்த சுண்டுவிரல் நகம். “எங்கம்மா வூட்டு கிரைண்டர் மோட்டார் ஞாபகம் இருக்குதுங்களா?”

“நாலு தடவ வந்து சரி பண்ணேன். மூணு தடவ அதுல ஒண்ணுமே இல்ல. நீ லீவுல போற நாள்ல உன்னப் பாக்க வந்தேன். நாலாவது தடவதான் நெசமா வயர் வுட்டுப்போச்சு. தெய்வமா பாத்து வுட்டுச்சுன்னு நெனச்சேன்.”

“தெய்வமில்லீங்க. நாந்தான் கழட்டி விட்டேன். நீங்க மூணு வாரமா வரல.”

அவர் அவளை உற்றுப் பார்த்தார். பிறகு தோள்கள் குலுங்கச் சிரித்தார். கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார். “அடிப்பாவி! மூணு வருசமாச் சொல்லலியே? இன்னைக்கா சொல்லுவ?”

“இன்னைக்குத்தானுங்க சொல்ல முடியும்.”

சிரிப்பு ஓய்ந்தது. அவர் கட்டிலில் படுத்துக் கண்களை மூடினார். “அந்த மோட்டாரு இன்னும் ஓடுதா?” என்று கேட்டார்.

“ஓடுதுங்க.”

“என்ன மோட்டாரு?” என்றார், சற்றுக் கழித்து.

சுகந்தி எழுந்து சென்று பொத்தானை அழுத்தினாள். கோகிலவாணி என்ற பெயரில் தொடர்ந்தாள். வெளி வன்தட்டின் பச்சை விளக்கு மினுக்கத் தொடங்கிற்று. வெளியே மழை தகரக் கூரைகளில் சடசடவென்று இறங்கியது. அவள் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். மினுக்காமல் நிற்பதை மட்டும் பார், போதும் என்று கற்பிக்கப்பட்டவள் அவள். நான்கு நிமிடங்களுக்குப் பிறகு அது நிலைத்து நின்றது.

மயில்சாமி கண் விழித்தார். கூரையைப் பார்த்தார், சன்னலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். முகத்தில் ஒரு மரியாதை வந்து உட்கார்ந்தது. விரைந்து எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

“ஏனுங் சிஸ்டர், நீங்க இன்னும் போகலீங்களா?” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நான் கண்ணசந்துட்டேனாட்ட இருக்குது. கோகிலா தூங்கறாளுங்களா?”

காலையில் அந்தப் பெட்டி எழ முயன்றதைப் போலவே, சுகந்தியிடம் ஒரு சொல் எழ முயன்று அடங்கிற்று. அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

“சத்தம் போட வேண்டாமுங். இப்பத்தான் கண்ண மூடியிருப்பா.” அவர் கதவருகில் சென்று, அங்கே மாட்டியிருந்த குடையை எடுத்து, இரு கைகளாலும் அவளிடம் நீட்டினார். “மழ கனமாப் புடிச்சுக்குமுங். காலைலருந்து நிக்கறீங்க. உங்க வூட்ல தேடுவாங்க. கெளம்புங் சிஸ்டர். இனி நான் பாத்துக்கறேன்.”

அவள் குடையை வாங்கிக்கொண்டாள்.

மயில்சாமி ஓசைப்படாதிருக்க முன்பாதங்களை ஊன்றி நடந்து, உள்ளறையை அடைந்து, மனைவி எழுந்துவிடாதபடி தாழ்ப்பாளை மெல்ல விலக்கினார். சந்தனம் காய்ந்த பெட்டியருகில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது; இரவு அவர் உறங்கும்போது இதுவும் கோகிலவாணியின் பெயரிலேயே பதியும். அப்பொழுது மணி, மாலை ஐந்து ஐம்பத்திரண்டு.